அச்சம் நுழைந்த ஆடுகளம்

நுழையும்முன்

அடுத்த பந்து எங்கே விழும் என்று எண்ண வேண்டிய மனம், குண்டு எங்கே விழும் என்று எண்ணத் தொடங்கினால் விளையாட்டு என்னவாகும்? சென்னை, இலாகூர், கொழும்பு ஆகிய நகரங்களில் நிகழ்ந்தவற்றைக் கொண்டு இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், சவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் படவேடு. சம்புவராயர்களின் தலைநகராக விளங்கிய இவ்வூரின் பழம்பெயர் படைவீடு. படை தங்கும் இடம் என்பது அதன் பொருள். இன்று அங்கே படையும் இல்லை, பாசறையும் இல்லை. ரேணுகாம்பாள் கோயிலும் வாழைத் தோட்டங்களும் அவ்வூரின் அடையாளங்களாக விளங்குகின்றன. அறுவடை முடிந்த வயலில், விடுமுறை நாளில், சிறுவர்கள் மட்டையும் பந்துமாக இறங்குகின்றனர். வரப்பே எல்லைக்கோடு. பந்து வாழைத் தோப்புக்குள் போய்விட்டால் ஆட்டம் நிற்கும். தேடி எடுத்ததும் தொடரும். அவர்களுடைய ஆட்டத்திற்கு நேரக்கூடிய தடை அவ்வளவே.

அந்தக் கவலையின்மைதான் விளையாட்டின் முதல் தேவை. வயலில் ஆடும் சிறுவனுக்கும், பல்லாயிரம் பேர் கூடும் அரங்கில் ஆடும் வீரனுக்கும் அது பொதுவானது. பார்ப்பவருக்கும் அது வேண்டும். டெஸ்ட் போட்டி என்பது ஐந்து நாள்கள் பொறுமையோடு அமர்ந்து காண வேண்டிய ஆட்டம். ஐந்து நாள்களையும் அச்சமின்றி ஒப்படைக்கக்கூடிய ஊரில்தான் அதை நடத்த இயலும்.

2008ஆம் ஆண்டு நவம்பர் 26 இரவு, மும்பையில் பயங்கரவாதத் தாக்குதல் தொடங்கியது. அப்போது இங்கிலாந்து அணி இந்தியாவில் ஆடிக்கொண்டிருந்தது; அன்றுதான் கட்டாக்கில் ஐந்தாவது ஒருநாள் போட்டி நடைபெற்றது. மூன்று நாள்கள் நீடித்த தாக்குதலில் 166 பேர் உயிரிழந்தனர். எஞ்சிய இரண்டு ஒருநாள் போட்டிகளும் கைவிடப்பட்டன. இங்கிலாந்து வீரர்கள் தாயகம் திரும்பினர். டெஸ்ட் போட்டிகளுக்காக அவர்கள் மீண்டும் வருவார்களா என்பதே கேள்வியாக இருந்தது. வந்தார்கள். அகமதாபாத்திலும் மும்பையிலும் நடைபெறவிருந்த போட்டிகள் சென்னைக்கும் மொகாலிக்கும் மாற்றப்பட்டன.

நாடு துயரில் மூழ்கியிருக்கும்போது விளையாட்டு தேவைதானா என்ற கேள்வி நியாயமானது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. எனினும் டிசம்பர் 11 அன்று சேப்பாக்கத்தில் ஆயுதமேந்திய காவலர்களின் நடுவே போட்டி தொடங்கியது. ஆட்டத்தின் பெரும்பகுதியில் இங்கிலாந்தின் கையே ஓங்கியிருந்தது. ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ் இரண்டு இன்னிங்ஸிலும் சதமடித்தார். இந்தியா வெற்றி பெற 387 ஓட்டங்கள் தேவைப்பட்டன. நான்காம் நாள் மாலையில் வீரேந்திர சேவாக் 68 பந்துகளில் 83 ஓட்டங்களைக் குவித்தபோதுதான், முடியாது என்று எண்ணியிருந்தவர்களின் மனம் மாறியது.

ஐந்தாம் நாள் டிசம்பர் 15. சச்சின் டெண்டுல்கரும் யுவராஜ் சிங்கும் இணைந்து, ஆட்டமிழக்காமல் 163 ஓட்டங்கள் சேர்த்தனர். சச்சின் அடித்த ஒரு நான்கு அவருடைய சதத்தையும் இந்தியாவின் வெற்றியையும் ஒருங்கே கொண்டுவந்தது. மும்பையில் பிறந்து வளர்ந்த அவர், அந்தச் சதத்தை மும்பைத் தாக்குதலில் பாதிக்கப்பட்டோருக்குக் காணிக்கையாக்கினார். மாண்டவர் எவரையும் அந்த ஓட்டங்கள் மீட்டுத் தரவில்லை. ஆயினும், ஏறத்தாழ மூன்று வாரங்களாகத் தொலைக்காட்சியில் தீயையும் புகையையும் கண்டிருந்த கண்கள் ஒரு பிற்பகல் முழுவதும் பந்தை மட்டும் பின்தொடர்ந்தன. தோற்ற இங்கிலாந்து அணிக்கும் இதில் பங்குண்டு. அவர்கள் திரும்பி வந்திராவிட்டால் அந்தப் பிற்பகலே இல்லை.

சென்னையில் கதை இனிதே முடிந்தது. ஆனால் மும்பைத் தாக்குதலின் விளைவு வேறொரு திசையில் சென்றுகொண்டிருந்தது. இந்திய அணி பாகிஸ்தானுக்குச் செல்லவிருந்த பயணம் கைவிடப்பட்டது. அந்த இடத்தை நிரப்பச் சென்ற அணி இலங்கை.

இலங்கை சென்றதற்கு அதன் வரலாற்றிலேயே காரணம் தேடலாம். 1996 ஜனவரி 31 அன்று, உள்நாட்டுப் போரின் நடுவே, கொழும்பின் மத்திய வங்கி குண்டுத்தாக்குதலுக்கு உள்ளானது. உலகக் கோப்பை தொடங்கச் சில நாள்களே இருந்தன. கொழும்பில் ஆட ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மறுத்தன. அவ்வணிகளைக் கோழைகள் என்பது எளிது. தம் மகனை அங்கு அனுப்ப வேண்டியிருந்த ஒரு தாயிடம் அப்படிச் சொல்ல இயலாது. அந்நிலையில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே அணியாகச் சேர்ந்து, பிப்ரவரி 13 அன்று கொழும்பில் இலங்கையுடன் ஆடின. வாசிம் அக்ரம் வீசிய பந்தில் களுவிதாரண அடித்ததைச் சச்சின் பிடித்தார். பாகிஸ்தானியர் வீச, இந்தியர் பிடித்தார் என்று ஆட்டக் குறிப்பேட்டில் பதிவான அரிய வரி அது. அந்த உலகக் கோப்பையை இலங்கையே வென்றது. இறுதிப்போட்டி நடந்த இடம், பாகிஸ்தானின் இலாகூரில் உள்ள கடாபி அரங்கம்.

பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2009 மார்ச் 3 காலையில், அதே கடாபி அரங்கத்தை நோக்கி இலங்கை அணியின் பேருந்து சென்றுகொண்டிருந்தது. டெஸ்ட் போட்டியின் மூன்றாம் நாள் ஆட்டத்திற்கான பயணம் அது. அரங்கத்திற்கு அருகில் இருந்த லிபர்ட்டி சந்திப்பில் துப்பாக்கி ஏந்தியோர் பேருந்தைத் தாக்கினர். காவலர் அறுவரும் பொதுமக்கள் இருவரும் உயிரிழந்தனர். அந்தப் போட்டியில் 214 ஓட்டங்கள் எடுத்திருந்த திலான் சமரவீரவின் தொடையில் குண்டு பாய்ந்தது. மகேல ஜெயவர்த்தன, குமார் சங்கக்கார உள்ளிட்ட பலர் காயமுற்றனர். கண்டியில் பிறந்த தமிழரான முத்தையா முரளிதரனும் அப்பேருந்தில் இருந்தார். பின்னால் வந்த வாகனத்திலிருந்த நடுவர் அசன் ராசா படுகாயமடைந்தார். ஓட்டுநர் மெஹர் முகமது கலீல் குண்டு மழைக்கு நடுவே பேருந்தை நிறுத்தாமல் அரங்கத்திற்குள் ஓட்டிச் சென்றார். அவர் ஒரு கணம் தயங்கியிருந்தால் இழப்பு எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவே இயலவில்லை. இலங்கை பின்னர் அவரை அழைத்துச் சிறப்பித்தது.

வீரர்கள் அரங்கத்திலிருந்தே ஹெலிகாப்டரில் அழைத்துச் செல்லப்பட்டனர். ஓட்டங்களைத் தேடி மட்டையாளர் ஓடவேண்டிய புல்வெளி, அன்று உயிர்தப்பிச் செல்வதற்கான வானூர்தித் தளம் ஆயிற்று. ஆட்டம் அத்துடன் நின்றது. பத்தாண்டுகளுக்கு மேல் பாகிஸ்தான் மண்ணில் டெஸ்ட் போட்டியே நடைபெறவில்லை. 2011 உலகக் கோப்பையை இணைந்து நடத்தும் வாய்ப்பையும் அந்நாடு இழந்தது. பாகிஸ்தான் அணி தன் உள்நாட்டுப் போட்டிகளை ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆடியது. அங்கே அது பல வெற்றிகளைப் பெற்றதுண்டு; கண்டு மகிழ வேண்டிய சொந்த மக்கள்தாம் அருகில் இல்லை. 56 டெஸ்ட் போட்டிகளில் அவ்வணிக்குத் தலைமை தாங்கிய மிஸ்பா உல் ஹக், தலைவராக ஒரு போட்டியைக்கூடத் தாயகத்தில் ஆடவில்லை.

இழப்பு அந்த வீரர்களுடையது மட்டும்தானா? 2009இல் இலாகூரில் பிறந்த ஒரு குழந்தையை எண்ணிப் பார்க்கலாம். படவேட்டுச் சிறுவனைப் போலவே அதுவும் தெருவில் பந்தடித்து வளர்ந்திருக்கும். படவேட்டுச் சிறுவன் என்றேனும் ஒருநாள் பேருந்தேறிச் சேப்பாக்கம் சென்று தன் நாட்டு அணி ஆடும் டெஸ்ட் போட்டியைக் காணலாம். இலாகூர்ச் சிறுவனுக்கோ, அவனது வீட்டுக்கு அருகிலேயே அரங்கம் இருந்தும், அந்த ஆட்டம் தொலைக்காட்சிக்குள்தான் நடந்தது. துப்பாக்கி ஏந்தியோர் அந்தச் சிறுவனை அறியார். அவனிடமிருந்து எதைப் பறித்தோம் என்பதையும் அறியார்.

2019 டிசம்பர் 11 அன்று இராவல்பிண்டியில் டெஸ்ட் போட்டி மீண்டும் தொடங்கியது. எதிரணி இலங்கையே. அதற்குச் சில மாதங்களுக்கு முன் நடந்த குறைந்த ஓவர் போட்டிகளுக்கு இலங்கையின் முன்னணி வீரர்கள் பத்துப் பேர் வர மறுத்திருந்தனர். அச்சம் அவ்வளவு எளிதில் விலகுவதன்று. டெஸ்ட் போட்டிக்கு முழு அணியும் வந்தது. மழை குறுக்கிட்டு ஆட்டத்தின் பெரும்பகுதியைக் கெடுத்தது. ஐந்தாம் நாள் வெயில் வந்தபோது, இலங்கையின் தனஞ்சய டி சில்வா தம் சதத்தை நிறைவு செய்தார்; தம் முதல் டெஸ்டில் ஆடிய பாகிஸ்தானின் ஆபித் அலியும் சதமடித்தார். வெற்றி தோல்வியின்றி முடிந்தது அந்தப் போட்டி. அதன் ஆட்டத்தைத் தடுத்தது மழை மட்டுமே.