ஒரே புரோகிராம், பல கம்ப்யூட்டர்கள்: பின்னணியில் நடப்பது என்ன?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் படம் பார்க்க வி.எல்.சி. பிளேயரை இன்ஸ்டால் செய்திருப்பீர்கள். உங்களிடம் விண்டோஸ், நண்பரிடம் லினக்ஸ். இரண்டிலும் அதே மெனு, அதே பட்டன்கள். எப்படி?

பட்டன், மெனு போன்றவற்றைத் திரையில் காட்ட ஒவ்வொரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்திற்கும் ஒரு தனி முறை உண்டு. புரோகிராமர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதாமல் இருக்க, நடுவில் ஒரு சாஃப்ட்வேர் தொகுப்பு உதவுகிறது. இதனை ஃபிரேம்வொர்க் என்பார்கள். வி.எல்.சி. இந்த இரண்டு சிஸ்டங்களிலும் பயன்படுத்துவது 'கியூட்'. நார்வேயில் ஹோவார்ட் நூர்ட், ஐரிக் ஷாம்பே-எங் என்ற இருவர் உருவாக்கிய இது, 1995ல் வெளிவந்தது.

சிக்கல் எங்கே?

விண்டோஸுக்காக ஒரு பிழையைத் திருத்தினால், லினக்ஸில் வேறொன்று கெட்டுப்போகலாம். ஃபிரேம்வொர்க்கில் தவறு நுழைந்தால், அதை நம்பியுள்ள பல புரோகிராம்களும் பாதிக்கப்படும்.

தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கொ' என்பது யூனிகோடில் வழக்கமாக இரண்டு குறியீடுகளாகப் பதிவாகிறது: முதலில் 'க', பிறகு ஒகரக் குறி. திரையிலோ கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் 'க' வரவேண்டும். இந்த இடமாற்றம் தவறினால் படிக்க முடியாது. ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவருக்கு இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

'பட்டனைக் கிளிக் செய், எதிர்பார்த்தது நடந்ததா?' என்று பார்க்கும் சிறு சோதனை புரோகிராம்களை எழுதி வைக்கிறார்கள். கியூட்டில் ஒரு மாற்றத்தைச் சேர்க்கும் முன் இன்னொரு புரோகிராமர் அதைப் படித்துப் பார்ப்பார். பிறகு விண்டோஸ், மேக், லினக்ஸ் எனப் பல சிஸ்டங்களில் சோதனைகள் தானாக ஓடும். தவறினால் மாற்றம் திரும்பிவிடும். பிடிபட்ட பிழைக்கும் ஒரு சோதனை எழுதி வைப்பதால், அது மீண்டும் தலைகாட்டினால் உடனே தெரியும்.

நீங்களும் சோதிக்கலாம்

1. விண்டோஸ் டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து, டிஸ்ப்ளே செட்டிங்ஸ் செல்லுங்கள்.
2. ஸ்கேல் பகுதியில் உள்ள அளவைக் குறித்துக்கொண்டு, 150% தேர்ந்தெடுங்கள்.
3. வி.எல்.சி.யைத் திறந்து, டூல்ஸ் மெனுவில் பிரிஃபரன்ஸஸ் கிளிக் செய்யுங்கள். எழுத்துகள் வெட்டுப்படுகின்றனவா என்று பாருங்கள்.
4. பார்த்து முடித்ததும் பழைய அளவுக்கே மாற்றிவிடுங்கள்.

பிழை தெரிந்தால் மூன்று விவரங்களைக் குறித்து, புரோகிராமை உருவாக்கியவர்களுக்குத் தெரிவியுங்கள்: புரோகிராமின் பதிப்பு எண் (ஹெல்ப் மெனுவில் அபௌட்), ஆப்பரேட்டிங் சிஸ்டம், நீங்கள் செய்த படிகள். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் யாராலும் திருத்த முடியாது. தமிழ் எழுத்து உடைவதை நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?