சேதம், இழப்பு, தேவை: எல்லை மலைகள் தரும் பாடம்

இயற்கைச் சீற்றம் தணிந்ததும் நிர்வாகத்தின்முன் எழும் முதற் பணி உயிர் காப்பது, அடுத்தது கணக்கெடுப்பது. எவ்வளவு அழிந்தது, யாருக்கு அழிந்தது, மீண்டெழ எவ்வளவு வேண்டும் என்ற வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகளைப் பொறுத்தே மாநில, மத்திய அரசுகளின் உதவியும் உலக நிறுவனங்களின் நிதியும் அமைகின்றன. கணக்கில் இடம்பெறாதவர் உதவியிலும் இடம்பெறுவதில்லை. 2018ஆம் ஆண்டின் கேரள வெள்ளத்தையும், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் அனுபவத்தையும் கொண்டு இவ்வுண்மையை ஆராயலாம்.

கடற்கரையில் கற்ற முறை

பேரிடர் விளைவுகளைப் பொருளியல் அடிப்படையில் அளக்கும் முறை, 1972இல் நிகராகுவாவின் மனாகுவா நகரை அழித்த நிலநடுக்கத்திற்குப் பின்னர் ஐ.நா.வின் லத்தீன் அமெரிக்கப் பொருளாதார ஆணையத்தால் உருவாக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நம் நாட்டுக் கடற்கரையில் இம்முறை விரிவாகப் பயன்பட்டது. மீட்பு, நிவாரணப் பணிகளை இந்தியா தன் சொந்த வலிமையிலேயே மேற்கொண்டது; இலங்கை, மாலத்தீவு, இந்தோனேசியா ஆகிய நாடுகளுக்கும் கப்பல்களை அனுப்பி உதவிற்று. ஆனால் புனரமைப்புக்கு உலக நிறுவனங்களின் நிதியை ஏற்றது. ஆசிய வளர்ச்சி வங்கி, ஐ.நா., உலக வங்கி ஆகிய மூன்றும் கூட்டாக நடத்திய மதிப்பீடு 2005 மார்ச்சில் வெளிவந்தது. நிவாரணம் நம் கையில், புனரமைப்பில் உலகின் பங்கு என்னும் இப்பாகுபாடு பின்வந்த கொள்கைக்கும் அடித்தளமாயிற்று.

மூன்று சொற்கள்

மாணவர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டியவை மூன்று சொற்கள். சேதம் என்பது அழிந்த சொத்தின் மதிப்பு. இழப்பு என்பது அவ்வழிவினால் வராமற்போன வருமானமும் கூடுதலாக ஏற்பட்ட செலவும். தேவை என்பது முன்னினும் உறுதியாக மீள்வதற்கு வேண்டிய தொகை.

இடுக்கி மலைச்சரிவில் உள்ள ஏலத்தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மண்சரிவில் அழிந்த செடிகளின் மதிப்பு சேதமாகும். புதிதாக நட்ட செடி பயன்தர ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆகுமாதலால், அதுவரை கிட்டாத விளைச்சல் இழப்பாகும். மறுநடவுடன் சரிவைக் காக்கும் தடுப்பும் வடிகாலும் அமைக்க ஆகும் செலவு தேவையாகும். செடிகளை மட்டும் எண்ணுவோர் மூன்றில் ஒரு பகுதியையே காண்கின்றனர்.

2018: கணக்கும் நிதியும்

2018 ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 19 வரை கேரளத்தில் 2,346.6 மி.மீ. மழை பெய்தது; இது வழக்கமான அளவைவிட 42 விழுக்காடு மிகுதி. ஆகஸ்ட் 9 அன்று இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணை மதகு 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டது. மாநிலத்தில் பதிவான 341 நிலச்சரிவுகளில் 143 இடுக்கியில் நிகழ்ந்தன. பாலக்காடு மாவட்டத்தில் நென்மாறை அருகே ஏற்பட்ட நிலச்சரிவும் உயிர்களைப் பலிகொண்டது.

மாநில அரசும் ஐ.நா. அமைப்புகளும் இணைந்து நடத்திய மதிப்பீடு அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்தது. அதன்படி சேதம் ரூ.10,557 கோடி, இழப்பு ரூ.16,163 கோடி, மீட்சித் தேவை ஏறத்தாழ ரூ.31,000 கோடி. இழப்பு சேதத்தை விஞ்சி நிற்பது கருதத்தக்கது. இடிந்த சுவரைவிட நின்றுபோன வேலையே மக்களை மிகுதியாக வருத்தியது.

தேசியப் பேரிடர் நிதியிலிருந்து 2018 டிசம்பரில் ரூ.3,048 கோடி கூடுதல் உதவிக்கு ஒப்புதல் தரப்பட்டது. இவ்விரு தொகைகளின் இடைவெளி வியப்புக்குரியதன்று. அந்நிதி உடனடித் துயர் துடைப்பதற்கானதேயன்றி, இழப்பை முழுதும் ஈடுசெய்வதற்கானதன்று. அந்நாளைய விதிப்படி முற்றிலும் இடிந்த வீட்டுக்கு மலைப்பகுதியில் ரூ.1,01,900 வழங்கலாம், மாநில அரசு தன் பங்கையும் சேர்த்து ரூ.4 இலட்சமாக்கியது.

வெளிநாட்டுதவி பற்றியும் அப்போது விவாதம் எழுந்தது. 2016ஆம் ஆண்டின் தேசியப் பேரிடர் மேலாண்மைத் திட்டப்படி, இந்தியா வெளிநாட்டுதவி கோருவதில்லை. நல்லெண்ணத்துடன் தாமாக முன்வரும் அரசின் உதவியை மத்திய அரசு ஏற்கலாம். 2018 ஆகஸ்டில், தேவைகளை உள்நாட்டு முயற்சியாலேயே நிறைவுசெய்வதென வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. வெளிநாடுவாழ் இந்தியரும் அறக்கட்டளைகளும் நிவாரண நிதிகளுக்கு அளிக்கும் நன்கொடைகளை வரவேற்றது. புனரமைப்புக்கென 2019 ஜூனில் உலக வங்கியுடன் 25 கோடி டாலர் கடனுக்கு உடன்பாடு கையெழுத்தாயிற்று. இத்தகைய நிதி வெறும் இரக்கத்தால் வருவதன்று; துறைவாரியான, சரிபார்க்கத்தக்க கணக்கே அதற்கு வழி திறக்கிறது.

பட்டியலில் இல்லாதோர்

அக்கணக்கு யாரைக் காண்கிறது என்பதே எல்லைப்பகுதியின் வினா. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைக்கும் தமிழ்த் தொழிலாளரில் பெரும்பாலோர் ‘லயம்’ எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்கின்றனர். வீடு நிர்வாகத்தின் சொத்து. அது இடிந்தால் சேதம் நிர்வாகத்தின் கணக்கில் ஏறும். குடியிருந்தவர் வீடிழந்த உரிமையாளராகக் கருதப்படுவதில்லை. அவர்கள் இழப்பது கூலி, பாத்திரம், துணிமணி, பிள்ளைகளின் பாடநூல், குடும்ப அட்டை.

2018 மதிப்பீட்டின் சிறப்பு, வேலைவாய்ப்பைத் தனித் துறையாகக் கொண்டு இவர்களையும் எண்ணியதாகும். வேலையிழந்தோரில் ஏறத்தாழ 35,000 பேர் தோட்டத் தொழிலாளர் என்றும், அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள் என்றும் அது பதிவு செய்தது.

இரண்டாண்டுகளுக்குப் பின், 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு இராஜமலைக்கு அருகிலுள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். மழையால் தொலைத்தொடர்பு அற்றிருந்தமையின் செய்தி மறுநாள் காலையில்தான் வெளியுலகை எட்டியது. தப்பியோருக்கு இடிந்த வீட்டின் பட்டா இல்லை. ஆயினும் மாநில அரசு குற்றியார் பள்ளத்தாக்கில் நிலம் ஒதுக்க, தோட்ட நிர்வாகம் வீடுகளைக் கட்டித் தந்தது. உரிமைப் பத்திரத்தை மட்டும் நோக்காது, வாழ்விடம் இழந்த நிலையையே அளவுகோலாகக் கொள்ள இயலும் என்பதற்கு இது சான்று.

அலுவலர் கொள்ளத்தக்கவை

இவ்வனுபவங்களினின்று நான்கு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, வீடுகளை மட்டுமன்றிக் குடும்பங்களையும் எண்ணுதல் வேண்டும். ஒரே கூரையின்கீழ் இரு குடும்பங்கள் வாழ்தல் லயங்களில் இயல்பு. இரண்டாவது, நின்றுபோன வேலைநாட்களைத் தோட்ட வருகைப் பதிவேட்டின் துணைகொண்டு பதிதல் வேண்டும். மூன்றாவது, மக்கள் அறிந்த மொழியில் வினவுதல் வேண்டும். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுத இடமளிக்கிறது. விண்ணப்பமும் பயனாளர் பட்டியலும் தமிழிலும் இருத்தல் இதன் இயல்பான தொடர்ச்சியாகும். நான்காவது, பட்டியலை உறுதிசெய்யுமுன் பொதுவிடத்தில் ஒட்டி, விடுபட்டோர் முறையிடக் காலம் தருதல் வேண்டும்.

மலைச்சரிவில் நின்று ஒரு கிராம அலுவலர் நிரப்பும் படிவமே மாவட்டம், மாநிலம், மத்திய அரசு ஆகியவற்றின் வழியே சென்று உலக வங்கியின் மேசையில் ஓர் எண்ணாக நிற்கிறது. அப்படிவத்தில் விடுபட்ட குடும்பத்தை மேல்நிலையில் எவரும் தேடிக் கண்டுபிடிப்பதில்லை. எனவே நேர்மையான கணக்கெடுப்பே நிவாரணத்தின் முதற்படியாகும்.