கல்வராயனை அடுக்கப்போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

கல்வராயன் மலையை மாதிரியாகச் செய்ய எந்த ஃபோம் பலகை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். பலகைக்கு முன்னால் வரைபடத்தை வாங்கு. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாளில் பொதுவாக 20 மீட்டருக்கு ஒரு சமஉயரக் கோடு இருக்கும். அதைப் படிக்கப் பழகு.

வரைபடம் ஏன் முதலில் என்பதை மரவேலையோடு ஒப்பிட்டால் புரியும். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உங்கள் பக்கத்துப் பட்டறை ஒன்றில் ஒரு மதியம் உட்கார்ந்து பார். நாரோட்டத்துக்கு எதிராக உளி போனால் மரம் சிம்பு தூக்கும். சிற்பியின் கை அங்கேயே நின்றுவிடும். ஃபோமில் நாரோட்டம் கிடையாது. தப்பான கோட்டிலும் கத்தி வெண்ணெயில் போவதுபோலப் போகும். தடுக்கிற வேலையை வரைபடம்தான் செய்தாக வேண்டும்.

மலை என்றதும் கூம்பு செய்யாதே. பள்ளிக் கண்காட்சிகளில் பார்த்துச் சலித்துவிட்டது. கல்வராயன் ஓரத்தில் செங்குத்தாக ஏறும், மேலே வெள்ளிமலைப் பக்கம் மேடும் பள்ளமுமாகப் பரந்து கிடக்கும். ஓரத்தில் கோடுகள் நெருங்கும், மேலே விலகும். ஓடை வரும் இடங்களில் கோடு மேட்டை நோக்கி மடியும். கோமுகி ஆறு ஓடி வரும் பள்ளத்தை அந்த மடிப்புகளை வைத்தே பிடித்துவிடலாம். மடிப்பைத் திருப்பி வெட்டினால் ஆறு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு முகடு நிற்கும்.

அடுத்தது உயரக் கணக்கு. 1:50,000 அளவில் 100 மீட்டர் என்பது 2 மில்லிமீட்டர். அடிவாரத்திலிருந்து 700 மீட்டர் ஏற்றம் என்றால் வெறும் 14 மில்லிமீட்டர், மலையே தெரியாது. 100 மீட்டருக்கு ஒரு 5 மி.மீ. பலகை வை, உயரம் இரண்டரை மடங்காகும். அதற்கு மேல் போனால் கல்வராயன் இமயமலையாகிவிடும்.

இப்போது பலகைக்கு வருவோம். தெர்மாகோல் மலிவு, ஆனால் மழுங்கிய பிளேடு பட்டால் மணிமணியாக உதிரும். வைகை அணையில் 2017இல் மிதக்கவிட்ட தெர்மாகோல் காற்றில் கரை ஒதுங்கிய கதை தெரியும்தானே. அவ்வளவு லேசு என்பதால் வெட்டும்போது ஃபேனை அணைத்துவிடு. மொட்டைமாடியில் வெப்பம் இறங்காமலிருக்கப் போடும் எக்ஸ்பிஎஸ் பலகை இறுக்கமானது, விளிம்பு சுத்தமாக வரும். ஆனால் பெரும்பாலும் 25 மி.மீ. போலத் தடிமனாகத்தான் கிடைக்கும். அடித்தளத்துக்கு அதை வைத்துக்கொள். சன்போர்டு பெரும்பாலும் பிவிசி. அதைச் சூட்டுக் கம்பியால் அறுக்கவே கூடாது, நெஞ்சைக் கரிக்கும் அமிலப் புகை வரும். தெர்மாகோலைக்கூட ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் அறுக்க வேண்டும்.

தின்னர், பெட்ரோல், ரப்பர் பசை, ஸ்ப்ரே பெயின்ட் எல்லாமே தெர்மாகோலையும் எக்ஸ்பிஎஸ்ஸையும் கரைத்துவிடும். ஃபெவிகால் போதும். ஆனால் இரண்டு பலகைக்கு நடுவே காற்றுப் போகாததால் மெதுவாகத்தான் காயும். பல்குச்சி குத்தி, மேலே பாரம் வைத்து, இரவு முழுக்க விட்டுவிடு. பிறகு ஃபெவிகாலில் தோய்த்த காகிதக் கூழைப் பூசி, அது காய்ந்தபின் நீர் வண்ணம் அடி.

மூலையில் ஒரு சின்ன அட்டையில் “உயரம் இரண்டரை மடங்கு” என்று எழுதி ஒட்டு. பார்க்க வருபவர்களில் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் இருப்பார்கள். வெட்டத் தொடங்குமுன் கோமுகிப் பள்ளத்தின் கோடுகளை மட்டும் படியெடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்