மின்சார சைக்கிள்: வாங்குமுன் ஒரு கணக்கு

சென்ற மாதம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் சங்கமொன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, மின்சார சைக்கிள் வாங்கக் கடன் கோரி இரண்டு அங்கத்தினர்கள் கொடுத்திருந்த மனுக்கள் என் பார்வைக்கு வந்தன. ஒருவர் தென்னந்தோப்பு உடையவர். பெட்ரோல் விலை கட்டுப்படியாகவில்லை. ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் மொபெட்டை விற்றுவிட்டுச் சைக்கிள் வாங்க விரும்பினார். மற்றவர் ஐந்து கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தறிக்கூடத்துக்கு நகரப் பேருந்தில் கட்டணமின்றிச் சென்று வரும் நெசவாளர் அம்மையார். பெட்ரோலுக்குப் பணம் கொடுப்பவருக்குத்தான் இவ்வண்டி லாபம், இலவசமாகப் பிரயாணம் செய்பவருக்கு வீண் செலவு என்றே எவரும் நினைப்பர். சங்கத்தின் செயலாளரும் அவ்வாறே நினைத்தார். கணக்குப் போட்டுப் பார்த்தபோது விடை வேறாக இருந்தது.

முதலில் வண்டியைப் பற்றிச் சில வார்த்தைகள். மின்சார சைக்கிள் என்பது மிதிக்கவும் செய்யலாம், மிதிக்காமல் மோட்டாரினாலும் செலுத்தலாம் என்ற வகையில் அமைந்தது. எடை பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ. மோட்டாரின் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்து, அரசு அங்கீகரித்த பரிசோதனை நிலையத்தின் சான்றும் பெற்றிருந்தால், 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. ஆகவே பதிவு வேண்டாம், ஓட்டுநர் உரிமம் வேண்டாம், கட்டாய இன்ஷூரன்ஸும் இல்லை. சில கடைக்காரர்கள் “வயரை மாற்றிவிட்டால் நாற்பதில் போகும்” என்று ஆசை காட்டுவதுண்டு. அவ்வாறு மாற்றிய கணமே சலுகை போய்விடும். விபத்து நேரிட்டால் நஷ்டஈடு முழுவதும் சொந்தக்காரர் தலையில் விழும்.

இனிச் செலவு. உதாரணமாக 32,000 ரூபாய் விலையுள்ள வண்டியொன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பேட்டரி 36 வோல்ட், 5.8 ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 209 வாட்-மணி. சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் கால் யூனிட். விளம்பரம் 30 கிலோமீட்டர் என்று சொல்லும். சுமையும் எதிர்காற்றும் உள்ள நம் சாலைகளில் 20 என்று வைத்துக்கொள்வதே விவேகம். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று கொண்டாலும் 20 கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு ஏழரைக் காசு. (தோப்பிலுள்ள இலவச பம்பு செட்டு இணைப்பில் சார்ஜ் ஏற்றலாமே என்று ஒருவர் கேட்டார். அது விவசாயத்துக்கென்று கொடுக்கப்பட்ட மின்சாரம், கூடாது.)

இந்த ஏழரைக் காசுதான் பலரை மயக்குகிறது. உண்மையில் தேய்வது மின்சாரமன்று, பேட்டரி. ஏறத்தாழ 500 முறை முழுமையாகச் சார்ஜ் ஏற்றி இறக்கியபின் அதன் சக்தி குன்றிவிடுகிறது. 500 முறைக்கு 20 கிலோமீட்டர் வீதம் 10,000 கிலோமீட்டர். புதிய பேட்டரிக்கு 9,000 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 90 காசு. மின்சாரத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு! அதுமட்டுமன்று, வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் பேட்டரிக்கு வயதாகிக்கொண்டேயிருக்கும். வாரம் ஒரு முறை சந்தைக்குப் போவதற்காக இதை வாங்குபவர் பேட்டரியைச் சும்மா மூப்படைய விடுகிறார். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையின் கீழ் வைத்துச் சார்ஜ் ஏற்றினால் மூப்பு இன்னும் விரைவில் வரும்.

தோப்புக்காரரின் கணக்கு இது. ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் ஓடுகிறார். லிட்டர் 100 ரூபாய், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்றால் பெட்ரோல் 6,000. இன்ஷூரன்ஸும் பழுதும் 2,200. ஆக 8,200 ரூபாய். மின்சார சைக்கிளுக்கு மின்சாரம் 225, டயர், பிரேக் வகையில் 800, ஆக 1,025. மிச்சம் 7,175. மொபெட்டை 12,000 ரூபாய்க்கு விற்றாலும் கையிலிருந்து 20,000 போட வேண்டும். மூன்றாண்டு முடியும் தறுவாயில்தான் அது சரிக்கட்டும். சரிக்கட்டிய கையோடு புதிய பேட்டரிக்கு 9,000 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவர் மொபெட்டில் ஒரு நடைக்கு ஐம்பது காய் ஏற்றுகிறார். மட்டையோடு ஐம்பது கிலோவுக்குக் குறையாது. சைக்கிள் கேரியர் அதில் பாதிக்கு மேல் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. மாதம் இரு முறை 300 ரூபாய் கொடுத்து வாடகை வண்டி பிடித்தால் ஆண்டுக்கு 7,200. மிச்சம் அத்தனையும் அங்கேயே போயிற்று. 1980இல் டி.வி.எஸ். 50 வெளிவந்தது முதல் மொபெட் நம் கிராமங்களில் மூட்டை சுமந்து வருவது காரணமின்றி அன்று. மேலும் அவர் மேலூருக்குச் செல்வது நான்குவழி நெடுஞ்சாலையில். லாரிகள் பறக்கும் அப்பாதையில் 25 கிலோமீட்டர் வேக வண்டியைச் செலுத்த நான் யாருக்கும் யோசனை கூறமாட்டேன்.

அம்மையாரின் நிலை வேறு. 2021 மே மாதம் முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆகவே அவருக்குப் பணச் சேமிப்பு ஒரு காசும் இல்லை. ஆனால் பேருந்தின் நேரத்துக்காக நாள்தோறும் ஒரு மணி நேரத் தறி வேலையை இழக்கிறார். அவர் சொன்ன கூலிப்படி மணிக்கு 50 ரூபாய். 300 நாளுக்கு 15,000. வண்டியை ஆறாண்டு வைத்துக்கொள்வதாகக் கொண்டு, தேய்மானம், பேட்டரி, பழுது, கடன் வட்டி எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்கு 9,000க்கு மேற்படாது. சுமையோ நூல் கட்டும் சோற்றுப் பாத்திரமும்தான். பாதை கிராமச் சாலை. நடுவழியில் பேட்டரி தீர்ந்தாலும் இலேசான வண்டியாதலால் மிதித்து வீடு சேரலாம். கனத்த ஸ்கூட்டரில் அது நடவாது.

இதை நம்பிவிடாமல், கடைக்காரரிடம் ஒரு நாள் வண்டியை வாங்கி, மோட்டாரை நிறுத்திவிட்டு ஐந்து கிலோமீட்டர் மிதித்துப் பார்க்குமாறு அவரிடம் கூறினேன். பரிசோதனைச் சான்றின் நகலையும், பேட்டரிக்கான உத்தரவாதத்தையும், மாற்றுப் பேட்டரியின் இன்றைய விலையையும் எழுத்தில் கேட்க வேண்டும். இத்தொழிலில் நிறுவனங்கள் விரைந்து மாறுகின்றன. 2008இல் கோயம்புத்தூரில் ஹேமலதா அண்ணாமலை தொடங்கிய ஆம்பியர் நிறுவனம் மின்சார சைக்கிள்களும் செய்தது. 2018இல் அது கிரீவ்ஸ் காட்டன் வசமாயிற்று. இன்று அப்பெயரை ஸ்கூட்டர்களில்தான் காண்கிறோம். இது குறையன்று, வியாபாரத்தின் இயல்பு. ஆயினும் நான்காண்டு கழித்து அதே அளவுப் பேட்டரி கிடைக்குமா என்று வாங்குபவர்தான் கேட்க வேண்டும்.

கடன் தவணை 36 மாதத்துக்கு மேற்படலாகாது என்று குறிப்பு எழுதினேன். பேட்டரி தீர்ந்தபின் கடன் எஞ்சியிருத்தல் நன்றன்று. மாதம் 225 ரூபாய் தொடர் வைப்பாகச் சங்கத்தில் கட்டிவந்தால் நாற்பது மாதத்தில் 9,000 சேர்ந்துவிடும். தோப்புக்காரர் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மொபெட்டுக்குப் புதிய டயர் போடப் போவதாகச் சொன்னார்.

அம்மையார் கணக்குத் தாளைச் சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, “முந்நூறு நாள் என்று எழுதியிருக்கிறீர்களே, ஐயா, போன வருஷம் பாவு கிடைத்தது இருநூறு நாள்தானே?” என்றார். அவர் சொன்னது சரி. இருநூறு நாளென்றால் வரவு 10,000. மிஞ்சுவது ஆயிரம் ரூபாயே. நான் செயலாளரைப் பார்த்தேன். அவர் பாவு வழங்கிய பதிவேட்டை எடுத்து வரச் சொன்னார்.