பெண்ணைப் பெற்ற அம்மாவுக்கு…

* தாரை வார்க்கும் சொம்பு, தேங்காய், பால்–பழத்துக்கு வெள்ளிக் கிண்ணம், மஞ்சள், குங்குமம், ஊக்கு, ஊசிநூல், தலைவலி மாத்திரை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

* நகை வைத்த அறையின் சாவியை முந்தானையில் முடிந்துகொள்ளாதீர்கள். தாரை வார்க்கச் சொம்பைப் பிடிக்கப்போவது நீங்கள்தான். சாவி தங்கையிடமோ நாத்தனாரிடமோ இருக்கட்டும்.

* சம்பந்தி வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யாருக்குச் சர்க்கரையில்லாத காபி என்று முதல் நாளே கேட்டு, சமையல்காரரிடம் சொல்லிவிடுங்கள். பாதிச் சச்சரவு அங்கேயே அடங்கும்.

* முகூர்த்தத்துக்கு முன் இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். ஹோமப் புகையும் வெறும் வயிறும் சேர்ந்தால் மயக்கம் வரும்.

* நான்கைந்து அழைப்பிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். தமிழ்நாட்டில் திருமணத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும், அப்போது உதவும்.