களஞ்சியமும் காப்புச் சீட்டும்

நெல்லைக் கண்டு அஞ்சுவார் இலர். வெடிமருந்தைக் கண்டால் விலகி நிற்கின்றோம். அறுந்து கிடக்கும் மின்கம்பியைக் கண்டால் அப்பாற் போகின்றோம். குவிந்து கிடக்கும் நெல்லைக் கண்டாலோ அகமும் முகமும் மலர்கின்றோம். உயிர் வளர்க்கும் பொருள் உயிரைக் கொள்ளுமோ என்பது நம் எண்ணம். தானியக் கிடங்குகளிலும் அரிசி ஆலைகளிலும் நிகழும் இன்னல்கள் பலவற்றிற்கு இவ்வெண்ணமே வித்தாகின்றது. அவ்வின்னல்கள் யாவை, அவற்றைத் தடுக்க எழுந்த விதிகள் யாவை, அவ்விதிகளோடு சீட்டும் பதிவேடும் ஏன் உடன் வருகின்றன என்பனவற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே அமைந்த இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற ஊர்களாம். கண்மாய்ப் பாசனத்தில் நெல்லும், வானம் பார்த்த கரிசலில் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகின்ற நாடு இது. இராஜபாளையம் மில்ஸ் 1936ஆம் ஆண்டில் தோன்றிய காலந்தொட்டு நூற்பாலைத் தொழில் இங்கு வேரூன்றியுள்ளது. ஆதலின் பஞ்சாலைக்கு மகனை அனுப்பும் தாய், 'இயந்திரத்தண்டை பார்த்துப் போ' என்று சொல்லி அனுப்புவாள். நெற்கிடங்கிற்கு மூட்டை தூக்கப் போகும் மகனுக்கு அவள் அங்ஙனம் சொல்வது அரிது. பஞ்சில் தீப்பற்றும் என்பதை ஊர் அறியும்; தானியத்திலும் இடர் உண்டு என்பதை ஊர் இன்னும் நன்கு அறிந்திலது.

தானியத்தை உயர்ந்த கூடுகளில் இட்டு வைத்தல் தமிழர்க்குப் புதிதன்று. ஏணியும் எட்டாத உயரமுடையனவாய், உச்சியைத் திறந்து தானியம் பெய்யப்பட்டனவாய் விளங்கிய நெற்கூடுகளைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது. பத்தாயம், குதிர் என்னும் பெயர்களைப் பல ஊரார் வழங்க, எம் பக்கத்தார் குலுக்கை என்பர். வீட்டுக் குலுக்கையில் அடியில் எஞ்சிய தானியத்தை அள்ளச் சிறுவனை மேல்வழியாக இறக்குவதுண்டு. ஆளுயரக் குலுக்கையில் அது சிறு வேலை. பனைமரத்தினும் உயர்ந்த இரும்புக் களஞ்சியத்தில் அதே வேலை உயிரோடு விளையாடுவதாகும். கொள்கலம் பன்மடங்கு பெருகியது. அதனுள் இறங்கும் மனநிலை மட்டும் பழையதாகவே நின்றது. இடர் இங்கேதான் பிறக்கின்றது.

முதலாவது இடர் புதைதல். களஞ்சியத்தின் கீழ்வாயைத் திறந்தால் நடுவிலுள்ள தானியம் நீர்ச்சுழிபோல் உட்குழிந்து கீழிறங்கும். அப்பொழுது மேலே நிற்பவன் சில நொடிகளில் முழங்காலளவு அகப்படுவான். அரை நிமிடத்திற்குள் தலையும் மறையக்கூடும். இடுப்பளவு புதைந்தவனைச் சுற்றிலும் தானியம் இறுகப் பற்றிக்கொள்வதால், இருவர் மூவர் கைப்பற்றி இழுத்தும் மீட்டல் அரிது. வன்மையாக இழுப்பின் அவன் உடலுக்கே ஊறு நேரும். அவனைச் சுற்றிப் பலகைகளால் தடுப்பமைத்து, உள்ளிருக்கும் தானியத்தை அள்ளி வெளியேற்றுதலே மீட்கும் முறை. ஈரம்பட்ட தானியம் மேலே ஏடுபோல் இறுகி, கீழே வெற்றிடம் விட்டு நிற்பதும் உண்டு. திண்ணிய தரையென்று நம்பி அதன்மேல் கால் வைத்தவன் உள்ளே வீழ்வான்.

இரண்டாவது இடர் கெட்ட காற்று. வண்டும் அந்தும் அழியும்பொருட்டுக் கிடங்குகளில் இடப்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை, காற்றின் ஈரத்தோடு கூடிப் பாஸ்பீன் என்னும் நச்சுவாயுவை வெளிவிடும். எட்டு மணி நேர வேலைக்கு, காற்றின் பத்து இலட்சம் பங்கில் 0.3 பங்கு என்பதே அதற்கு வகுக்கப்பெற்ற எல்லை. இதனாலேயே அம்மருந்து எல்லார்க்கும் விற்கத்தக்க பொருளன்று. அரசினரும் பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளரும் தக்க மேற்பார்வையிலேயே கையாளுதல் வேண்டும் என்பது விதி. வெள்ளைப்பூண்டு நாற்றம் வந்தால் அறிந்துகொள்வோம் என்பார் உளர். நாற்றம் எப்பொழுதும் தோன்றும் என்பதற்கு உறுதியில்லை. ஆதலின் மூக்கை நம்பாது கருவியால் அளந்தறிதலே முறை. மருந்து இடாத இடத்தும், ஈரத் தானியம் உயிர்வளியை உண்டு கரியமிலவாயுவை வெளிவிடும் என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது இடர் தூசு. தரையிற் கிடக்கும் மாவு மெல்ல எரியும். காற்றிற் கலந்து அடைபட்ட இடத்தில் மிதக்கும் மாவோ ஒரு பொறியால் வெடிக்கும். 1785ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் இத்தாலிய நாட்டு டுரின் நகரில், விளக்கொளியில் மாவு அள்ளிய சிறுவன் முன்னே மாவுத்திரள் சரிந்து விழ, எழுந்த தூசு விளக்கிற் பற்றி வெடித்தது. இத்தகைய வெடிப்புகளுள் முதன்முதல் எழுத்தில் பதிவானது இதுவே என்பர். 1977ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் அமெரிக்க நாட்டு லூசியானா மாநிலத்து வெஸ்ட்வீகோவில் தானியக் களஞ்சியத் தொகுதி ஒன்று வெடித்து 36 பேர் மாண்டனர். அதன் பின்னர்ப் பத்தாண்டு கழித்து, 1987ஆம் ஆண்டின் இறுதியில், அந்நாட்டரசு தானியக் கிடங்குகளுக்கெனத் தனி விதி வகுத்தது. இடர்மிக்க இடங்களில் தூசு அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு படிந்தாலே அகற்றத் தொடங்குதல் வேண்டும் என்பது அவ்விதியின் ஒரு கூறு. ஒரு துடைப்பத்தின் வேலையைச் சட்டமாக்க முப்பத்தாறு உயிர்கள் வேண்டியிருந்தன!

நான்காவது இடர் இயந்திரமும் அடுக்கும். சுழலும் வாரில் தோள்துண்டு சிக்கினால் கையும் உடன் செல்லும். சாய்ந்து நிற்கும் மூட்டையடுக்கு எந்நேரமும் சரியும். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் கருநாடக மாநிலத்து விஜயபுரத்தில், மக்காச்சோளக் கிடங்கொன்றில் சேமிப்பமைப்பு இடிந்து சரிந்ததில், பீகாரிலிருந்து பிழைக்க வந்த ஏழு தொழிலாளர் தானியத்தின்கீழ் அகப்பட்டு மாண்டனர். அவரை உண்டு வளர்ப்பித்திருக்கக்கூடிய பொருளே அவர்க்குப் புதைகுழி ஆயிற்று. நம் கரிசற் காட்டில் விளைவதும் அதே மக்காச்சோளம் என்பதை எண்ணுங்கால், விஜயபுரம் நமக்குத் தொலைவிலுள்ள ஊராகத் தோன்றவில்லை.

இனி, விதிகளைக் காண்போம். இந்திய நாட்டில் நெடுங்காலம் வழங்கிய 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இவ்விடர்களை முன்னறிந்தே எழுதப்பெற்றது. நச்சுக்காற்றோ தூசோ நிறைந்திருக்கக்கூடிய தொட்டி, குழி முதலிய அடைபட்ட இடங்களில் நுழைவதைப் பற்றி அதன் 36ஆம் பிரிவு கூறியது. தகுதியுடைய ஒருவர் தாமே சோதித்து, உள்ளே கேடில்லை என்று எழுத்துமூலம் சான்று தருதல் வேண்டும். அன்றேல், நுழைபவன் மூச்சுக்கருவி பூண்டு, இடைவாரிற் பிணித்த கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்பவன் பற்றியிருத்தல் வேண்டும். ஓடும் இயந்திரத்தண்டை வேலை செய்வோன் பயிற்சி பெற்றவனாய், உடலை ஒட்டிய உடை அணிந்தவனாய், பதிவேட்டிற் பெயர் எழுதப்பெற்றவனாய் இருத்தல் வேண்டும் என்றது 22ஆம் பிரிவு. வேட்டியும் துண்டும் இயல்பான உடையாகிய நம் நாட்டிற்கு இவ்விதியின் அருமை விளக்காமலே விளங்கும்.

இவ்விதிகளை ஊன்றி நோக்கின் ஓர் உண்மை புலனாகும். ஒவ்வொன்றிலும் செயலோடு எழுத்தும் இணைந்து நிற்கின்றது. 'எல்லாம் வெறுங்காகிதம், கையெழுத்திட்டால் உயிர் பிழைக்குமா?' என்று வினவுவார் உளர். அவர் வினாவில் பாதி உண்மை உண்டு. மாலையில் அமர்ந்து ஒரு வாரத்துச் சீட்டுகளுக்கு ஒருசேரக் கையெழுத்திடும் வழக்கம் இருப்பின், அச்சீட்டு யாரையும் காவாது. ஆயினும் குற்றம் சீட்டினுடையதன்று. காற்றைத் தாமே சோதித்தவர் கையெழுத்திடுக என்று சட்டம் கேட்டது, அவர் களஞ்சியத்தின் வாயிலுக்கு நடந்து வரவேண்டும் என்பதற்காகவே. பழந்தமிழ்த் துறைமுகமாகிய புகாரில், பண்டங்களை அளந்து புலிப்பொறி இட்ட பின்னரே போகவிட்டமையைப் பட்டினப்பாலையிற் பயில்கின்றோம். பொறி இடுவதற்குமுன் பண்டம் அளக்கப்பட்டது. அளவாது இட்ட பொறியால் அரசர்க்கு இழப்பு பொருளளவே. நோவாது இட்ட கையெழுத்தாலோ ஒரு குடும்பத்தின் விளக்கே அணையும்.

நல்ல நுழைவுச் சீட்டு நீண்டதாய் இருத்தல் வேண்டா. ஆறு வினாக்கள் போதும். கீழ்வாய் மூடப்பட்டதா? இயந்திரத்தின் மின்விசை நிறுத்திப் பூட்டப்பட்டதா, திறவுகோல் யாரிடம்? காற்று எத்தனை மணிக்கு, யாரால் சோதிக்கப்பட்டது? மருந்து இட்ட நாள் எது, காற்றாடத் திறந்த நாள் எது? நுழைபவன் இடையில் வாரும் கயிறும் உளவா? வெளியே நிற்பவன் பெயர் என்ன, இடர் நேரின் தான் உள்ளே குதியாது உதவி அழைக்க அவன் அறிவானா? இறுதி வினா மிக இன்றியமையாதது. அகப்பட்டவனை மீட்கப் பதறி இறங்கியவனும் உடன் மாள்வது இத்தகைய இடங்களில் மீண்டும் மீண்டும் நிகழும் துயரம். அன்பும் துணிவும் அவ்விடத்துப் போதா, முன்னேற்பாடே வேண்டும்.

சட்டத்தில் அண்மையில் நேர்ந்த மாற்றம் ஒன்றையும் அறிதல் வேண்டும். 2025ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் முதல் பழைய சட்டத்தின் இடத்தில், தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் பணியமர்த்தற் கடிதம் தருக என்பது அதன் நற்கூறு. நாட்கூலிக்கு மூட்டை சுமப்பவன் பெயர் எவ்வேட்டிலும் இல்லையேல், அவனுக்கு இன்னல் நேர்ந்த பின் அவன் அங்கு வேலை செய்தான் என்பதையே மெய்ப்பித்தல் அரிது. ஆனால் மின்விசை கொண்ட இடத்தில் 10 பேர் வேலை செய்தாலே தொழிற்சாலை என்றது பழைய சட்டம். புதிய தொகுப்பில் அவ்வெண் 20 ஆயிற்று. நம் ஊர்ப்புறத்து அரிசி ஆலைகளிலும் தவசக் கடைகளிலும் வேலை செய்வோரை விரல்விட்டு எண்ணலாம். எண்ணிக்கை குறைந்தமையால் சட்டத்தின் பிடி தளரலாம். தானியத்தின் பிடி தளர்வதில்லை. ஐவர் வேலை செய்யும் ஆலையிலும் தூசு தூசே, நஞ்சு நஞ்சே.

ஆகவே, அதிகாரி வந்து கேட்பதற்கு முன்னரே சிற்றாலை உடையோர் இவ்வாறு வினாக்களைத் தமிழில் ஓர் அட்டையில் எழுதிக் கிடங்கின் வாயிலில் தொங்கவிடுதல் நன்று. அதற்குப் பெருஞ்செலவு இல்லை. கல்லூரியில் தமிழ் பயிலும் நமக்கும் இதிற் பணி உண்டு. ஆங்கிலத்தில் அடைபட்டுக் கிடக்கும் விதிகளை, மூட்டை சுமப்பவன் ஒருமுறை கேட்டாலே உணரும் தமிழில் எழுதித் தருதல் நம்மால் இயலாததா? நம்முள் சிலர் நாளை ஆலைக் கணக்கராவர். சிலர் கிடங்குக் கண்காணிப்பாளராவர். சிலர் தந்தையாரின் தவச மண்டியை ஏற்று நடத்துவர். சீட்டொன்று நம் முன் கையெழுத்துக்கு வருங்கால், எழுதுகோலை எடுக்குமுன் எழுந்து களஞ்சியத்தின் வாயில்வரை நடந்து சென்று பார்ப்போமாக.