வேலியும் பொட்டும்

அன்புள்ள தம்பி,

நெல்லியடியில் போட்டோகொப்பிக் கடை நடத்தும் நீங்கள், மூன்று கணினிக்கும் காசு கொடுத்து வைரஸ் கார்ட் வாங்கிப் போட்டால் பயமில்லாமல் இருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில்.

வைரஸ் கார்ட்டும் ஒரு மென்பொருள்தான். வருகிற கோப்புகளையெல்லாம் பிரித்துப் பார்ப்பது அதன் வேலை. அதற்காகக் கணினியின் அடிமட்டம் வரை அதற்கு அனுமதி கொடுக்கிறோம். பிரிக்கிற பகுதியிலேயே பிழை இருந்தால்? 2016இல் கூகிள் ஆய்வாளர் தாவிஸ் ஓர்மண்டி, சிமாண்டெக் வைரஸ் கார்ட் மென்பொருட்களில் அப்படியான ஓட்டைகளைக் கண்டுபிடித்தார். கெட்ட மின்னஞ்சல் வந்து சேர்ந்தாலே போதும். நீங்கள் திறக்கவே தேவையில்லை. காவலுக்கென்று சேர்த்ததே வேலியில் ஒரு பொட்டாகிவிட்டது.

2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு, உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தடுமாறின. அன்று தாக்கியவர் எவருமில்லை.

என்னை அதிகம் வருத்தியது நம் இலங்கையில் நடந்ததுதான். 2023 ஓகஸ்ட் 26இல் அரசாங்கத்தின் முகில் சேவையைக் கப்பம் கேட்கும் மென்பொருள் பூட்டியது. மே 17 முதல் அன்றுவரையான அரச மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவேயில்லை. அங்கே ஓடிக்கொண்டிருந்தது எக்ஸ்சேஞ்ச் 2013 என்ற மின்னஞ்சல் மென்பொருள். அதற்குத் திருத்தம் கொடுப்பதை மைக்ரோசொப்ட் அந்த ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. இணைப்பிலிருந்து கழற்றி வைத்த நகலும் இல்லை. உக்கிய கதியாலை மாற்றாமல் படலைக்கு இன்னொரு பூட்டுப் போட்டு என்ன பயன்?

உங்கள் கடைக்கு ஊரார் பென் டிரைவெல்லாம் வருகிறது, சோதிக்கத்தான் வேண்டும். விண்டோஸோடு வருகிற டிபெண்டர் அதற்குப் போதும். அதை நிறுத்தாதீர்கள், புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள். திருட்டுக் கொப்பி விண்டோஸ் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். வைரஸ் கார்ட்டுக்கு ஒதுக்கிய காசை அசல் விண்டோஸுக்குக் கொடுங்கள். அன்றாட வேலையை நிர்வாகி அனுமதியில்லாத கணக்கில் செய்யுங்கள்.

வெளிநாட்டு விண்ணப்பங்களுக்காகச் சனம் தந்த பிறப்புச் சான்றிதழ்கள், கலியாணப் படங்கள் எல்லாம் ஒரே கணினியில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதை வாசித்ததிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. ஒரு வெளி வன்தட்டு வாங்கி, வாராவாரம் படியெடுத்து, உடனே கழற்றிவிடுங்கள். கடை மேசை லாச்சியில் வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரியில் வையுங்கள். வைத்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்